பத்து ஆண்டு அனுபவத்துக்குப் பின் எம்.எஸ். படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த எனக்கு வயது 32. பி.இ. கணினி அறிவியல் முடித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பத்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மனைவி ஊரில் தனியார் பள்ளி ஆசிரியை; மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அப்பா கட்டிய வீட்டைப் பிணையாக வைத்து 40 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விரும்புகிறேன். வேலை கிடைக்குமா? என் அனுபவம் கணக்கில் வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் பத்து ஆண்டு வேலைக்கு வெளிநாட்டில் நிச்சயம் மதிப்பு உண்டு. வேலை கொடுப்பவர் முதலில் பார்ப்பது அதைத்தான். எம்.எஸ். பட்டத்தால் உங்களுக்குப் புதிதாகக் கிடைப்பது, பெரும்பாலும், அந்நாட்டில் தங்கி வேலை தேடுவதற்கான அனுமதி. அதற்கு அப்பாவின் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கலாமா என்பதையே நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் கணினித் துறையில் எம்.எஸ். முடித்தவர், படிப்புக்குப் பின் தன் துறையில் வேலை பார்க்க மாணவர் விசாவிலேயே தரப்படும் ஓ.பி.டி. அனுமதியில் முதலில் 12 மாதங்களும் நீட்டிப்பாக 24 மாதங்களும் வேலை பார்க்கலாம். ஆனால் முதல் 12 மாதங்களில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. கடன் தவணையையும் நினைத்துக்கொண்டு அந்த நாட்களை எண்ணுவது எளிதன்று. அடுத்து எச்-1பி என்னும் வேலை விசா வேண்டும். அதற்கு ஆண்டு வரம்பு 65,000. அங்கேயே முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் வரம்பை மீறும்போது குலுக்கல்தான். 2025 செப்டம்பரில் எச்-1பி விண்ணப்பங்களுக்கு அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணம், மாணவர் விசாவிலிருந்து அங்கிருந்தபடியே மாறுவோருக்குப் பொருந்தாது என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை விளக்கியிருப்பது ஓர் ஆறுதல். இவை எல்லாவற்றையும்விட, மாணவரின் துணையாக எஃப்-2 விசாவில் வரும் உங்கள் மனைவி அங்கே வேலை பார்க்க முடியாது என்பதே எனக்குக் கவலை தருகிறது.

நீங்கள் அனுப்பியிருந்த பயோடேட்டாவைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பத்து ஆண்டுகளையும் 'பராமரிப்புப் பணி' என்ற ஒரே வரியில் அடக்கிவிட்டு, கல்லூரி மதிப்பெண்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், ஒரு வங்கியின் இரவு நேரக் கணக்கு முடிப்பு ஆறு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்ததை 40 நிமிடமாகக் குறைத்ததாக ஒரு சிறு குறிப்பு கிடக்கிறது. அதை முதல் பக்கத்தின் தொடக்கத்தில் எழுதுங்கள். தாமதம் எங்கே இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று நேர்காணலில் நிதானமாக விளக்க முடிந்தால், புதிதாகக் கல்லூரி முடித்த பிள்ளைகளுடன் ஒரே வரிசையில் நிற்க வேண்டிய தேவை உங்களுக்கு இராது.

ஜெர்மனியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அங்கே முதுநிலைப் படிப்பு இல்லாமலே, வேலைவாய்ப்புக் கடிதமும் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமும் இருந்தால் 'புளூ கார்டு' என்னும் வேலை, குடியிருப்பு அனுமதியைப் பெறலாம். துணையாக வரும் மனைவியும் வேலை பார்க்கலாம். உங்கள் பட்டமும் கல்லூரியும் அங்கே ஏற்கப்படுகின்றனவா என்பதை, வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பீட்டைத் தரும் 'அனாபின்' என்ற ஜெர்மன் இணையத்தளத்தில் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். படித்துத்தான் போக வேண்டுமென்றாலும், பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதங்கள் தருகிறார்கள். பிரிட்டனில், பாடவழி (ஆய்வுவழி அல்லாத) முதுநிலை மாணவர்கள் 2024 ஜனவரி முதல் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்பதால் அது உங்களுக்கு ஒத்துவராது.

ஆகவே, இப்போதைய வேலையை விடாமல் ஆறு மாதங்கள் ஜெர்மன் மொழி படித்தபடி அங்குள்ள நிறுவனங்களுக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். நேர்காணலுக்குக்கூட அழைப்பு வராவிட்டால், அப்போது படிப்பைப் பற்றிப் பேசலாம். அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பள்ளியில் பிரெஞ்சு படித்தேன், ஆறு ஆண்டு மென்பொருள் அனுபவம் உண்டு. பிரான்சில் முதுநிலை படிக்கலாமா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாகப் படிக்கலாம். ஆங்கில வழிப் படிப்புகள் இருந்தாலும் அலுவலகப் பேச்சு பிரெஞ்சில்தான் நடக்கும் என்பதால், பள்ளிப் பிரெஞ்சு போதாது. சுய்ப்ரேன் வீதியில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழிப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து, சரளமாகப் பேச முடிகிற பி2 நிலைக்கான தேர்வை எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.