கூட்டமாக வாழும் எத்தியோப்பிய ஓநாய் ஏன் தனியாக வேட்டையாடுகிறது?

இரை சிறியது என்பதுதான் காரணம். எத்தியோப்பியாவின் பலே மலையில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சனெட்டி பீடபூமியில், இதன் உணவில் பெரும்பங்கு எலிகள்தான். ஓர் எலியைப் பிடிக்கத் துணை தேவையில்லை; பங்கு போடவும் அதில் ஒன்றும் மிஞ்சாது.

முக்கிய இரை அங்கு மட்டுமே வாழும் பெருவளை எலி. ஏறக்குறைய ஒரு கிலோ வரை எடை. கண்கள் தலையின் உச்சியில் இருக்கும். பாதி உடலை மட்டும் வளைக்கு வெளியே நீட்டி, எட்டும் தூரத்துப் புல்லை வாயில் திணித்துக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே போய்விடும். ஓநாய்க்குக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். வயிறு தரையில் உரச ஊர்ந்து, வளை வாயில் அசையாமல் காத்திருந்து பாயும். இரவில் அங்கே உறைபனி. எலிகள் பகலில்தான் வெளிவரும், அதனால் ஓநாயும் பகல் வேட்டைக்காரன்.

அப்படியானால் கூட்டம் எதற்கு? எலி நிறைந்த நிலத்தைக் காக்க. விடியலிலும் அந்தியிலும் சேர்ந்தே எல்லை சுற்றிச் சிறுநீரால் அடையாளமிடும். தலைமைப் பெண் ஈன்ற குட்டிகளுக்கு மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும்.

இந்த நெருக்கமே ஆபத்தும் ஆகிறது. மேய்ப்பர்களின் நாய்களிடமிருந்து வெறிநோய் ஓர் ஓநாய்க்குத் தொற்றினால் கூட்டமே அழியலாம். 2003இலும் 2008இலும் பலேயில் அப்படிக் கொத்துக்கொத்தாக மடிந்தன. உலகில் வளர்ந்தவை சுமார் 500தான் மிச்சம். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதோடு, 2018 முதல் இறைச்சித் துண்டில் தடுப்பு மருந்தை வைத்து ஓநாய்களுக்கும் கொடுக்கிறார்கள்.