துளிர்த்த குச்சி ஏன் காய்ந்தது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கொய்யா அம்மா வைத்தது, இருபது வயது. வீட்டை இடித்துக் கட்டப்போவதால் தை மாதம் மரத்தை எடுத்தாக வேண்டும். அதன் வாரிசாக ஒரு கன்றாவது வேண்டுமென்று, வேர் ஊக்கிப் பொடி தொட்டுப் பத்துக் குச்சி நட்டேன். இரண்டு வாரத்தில் துளிர்த்தன. அடுத்த மாதமே எல்லாம் காய்ந்துவிட்டன. பொடி போலியா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பொடி மேல் தப்பு இருக்காது, சகோதரி. குச்சிக்குள் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தே முதல் துளிரைத் தள்ளிவிடும். அதற்கு வேர் வேண்டியதில்லை. இலை விரிந்ததும் தண்ணீர் கேட்கும், கொடுக்க அடியில் வேர் இருக்காது. குச்சியை லேசாக இழுத்துப் பாருங்கள். பிடிப்பு தெரிந்தால்தான் வேர்.

அந்தப் பொடியில் இருப்பது ஐபிஏ, அதாவது இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்ற வேர் ஊக்கி. வேர்விடக்கூடிய குச்சியைத்தான் அது தூண்டும். காய்த்து முதிர்ந்த கொய்யாக் கிளையில் அந்தத் தன்மை மங்கியிருக்கும். பொடியை அதிகம் அப்பினால் அடி கறுத்து அழுகும்.

உங்களுக்குப் பதியன்தான் வழி, அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர்விட வைப்பது. இப்போது ஆவணி, நேரம் இருக்கிறது. பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரியுங்கள். உள்ளே இருக்கும் வழுவழுப்பைச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும். 3000 பிபிஎம் பொடியை, அதாவது ஒரு கிலோ டால்க்கில் 3 கிராம் ஐபிஏ கலந்ததை, தண்ணீரில் குழைத்து வெட்டின் மேல் விளிம்பில் தடவுங்கள். இலையிலிருந்து இறங்கும் உணவு அங்கேதான் தேங்கும், வேரும் அங்கேதான் கிளம்பும். நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை வைத்துப் பாலித்தீன் தாளால் சுற்றி, இரு முனையையும் இறுகக் கட்டுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாளுக்குள் வேர் தெரியும். ஒரேயடியாக வெட்ட வேண்டாம். பாதி வெட்டிப் பத்து நாள் விட்டு, அப்புறம் பிரித்து நிழலில் வையுங்கள். ஐந்தாறு கிளைகளில் கட்டுங்கள், ஒன்றிரண்டு தவறினாலும் கவலையில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் என் நர்சரியின் தாய்க் கொய்யா முறிந்து விழுந்தது. அடிக்கட்டையைப் பிடுங்க மனம் வரவில்லை. மூன்று மாதத்தில் அதிலிருந்து தளிர்கள் கிளம்பின. அந்த இளங்குச்சிகளை ஐபிஏ தொட்டு, இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலில் நட்டுப் பாலித்தீன் கூடாரத்துக்குள் வைத்தேன். பாதிக்கு மேல் வேர் பிடித்தன. முன்பு அதே மரத்தின் உச்சிக் குச்சிகளில் ஒன்றுகூடத் தேறியதில்லை. அதனால் தாழ்ந்த கிளை ஒன்றை இப்போதே குட்டையாக வெட்டிவிடுங்கள். பதியன் ஏமாற்றினாலும் அந்தத் தளிர் கைகொடுக்கும். அம்மா வைத்தது ஒட்டுக் கன்றென்றால் மட்டும், ஒட்டுக்குக் கீழே வருவதை எடுக்காதீர்கள். அது வேறு மரம்.

கேள்வி: வேலியோரம் பூவரசு வைக்க இதே பொடி வேண்டுமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: வேண்டாம். மணிக்கட்டுப் பருமனில் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டி, தலைகீழாகிவிடாமல் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுங்கள். மேல் வெட்டில் சாணம் அப்பினால் போதும்.