எக்ஸெப்ஷன்: எங்கே பிடிப்பது, எங்கே விடுவது?

ப்ரோகிராம் ஓடும்போது எழும் பிழை அறிவிப்புதான் எக்ஸெப்ஷன். அதைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இங்கே.

பைத்தான் ஸ்கிரிப்ட் தினமும் இரவு சிஎஸ்வி கோப்பைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றுகிறது. நடுவில் நிற்கக் கூடாதென்று எல்லாவற்றையும் ட்ரைக்குள் வைத்து எக்ஸெப்ட், பாஸ் (பிழை எழுந்தால் பிடி, ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போ) போட்டேன். இப்போது நிற்பதில்லை; ஆனால் ரிப்போர்ட்டில் கணக்கு உதைக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. (தரமணி)

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வகை சொல்லாத எக்ஸெப்ட், கன்ட்ரோல்-சி எழுப்பும் கீபோர்டு-இன்டரப்டையும் சேர்த்து விழுங்கும். ‘எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்’ என்று எழுதினாலே அது தப்பித்துவிடும். ஆனால் கணக்கு சரியாக அது போதாது. விலை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் எழுவது வேல்யூ-எரர். அதை மட்டும் பிடித்து, வரி எண்ணைத் தனிக் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். டேட்டாபேஸ் இணைப்பே அறுந்தால் அடுத்த வரியும் ஏறாது. அதைப் பிடிக்காதீர்கள், ஸ்கிரிப்ட் நிற்கட்டும். காலையில் நின்றுபோன ஸ்கிரிப்டைப் பார்ப்பது, தப்பான ரிப்போர்ட்டை நம்புவதைவிட எவ்வளவோ மேல். ட்ரைக்குள் எண்ணாக மாற்றும் வரி மட்டும் இருந்தால் போதும்.

ஜாவா சர்வர் லாகில் ‘நல்பாயின்டர் எக்ஸெப்ஷன்’ என்று ஒரே வரி வருகிறது. ஸ்டாக் ட்ரேஸைக் (பிழை எந்த வரியில், எந்த அழைப்புகள் வழியாக எழுந்தது என்ற பட்டியலை) காணோம். (அம்பத்தூர்)

லாக் செட்டிங்கைக் குடைய வேண்டாம். ஒரே இடத்தில் இது திரும்பத் திரும்ப எழுந்தால், ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் வேகத்துக்காக ட்ரேஸ் இல்லாத எக்ஸெப்ஷனை எறியத் தொடங்கும். சர்வர் தொடங்கிய நேரத்து லாகைத் தேடுங்கள். முதலில் வந்தவற்றில் முழு ட்ரேஸ் இருக்கும். அந்த லாக் அழிந்திருந்தால், ‘ஓமிட்ஸ்டாக்ட்ரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ’ ஆப்ஷனை மைனஸ் குறியோடு கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

காய்கறி மொத்தக் கடைகளுக்கு பில்லிங் ஆப் செய்கிறோம். பேமென்ட் கேட்வே (பணத்தை எடுத்துத் தரும் சேவை) குறித்த நேரத்தில் பதில் தராமல் டைம்அவுட் ஆனால் மூன்று முறை ரீட்ரை. சிலருக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. (கோயம்பேடு)

டைம்அவுட்டை ‘பணம் போகவில்லை’ என்று படித்ததில்தான் வினை. பணம் எடுக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இணைப்பே கிடைக்காமல் வரும் டைம்அவுட் வேறு: கோரிக்கை போகவே இல்லை, தயங்காமல் ரீட்ரை செய்யலாம். இணைப்பு கிடைத்து, பதிலுக்குக் காத்திருக்கையில் வருவதுதான் ஆபத்தானது. பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் இவை கனெக்ட்-டைம்அவுட், ரீட்-டைம்அவுட் எனத் தனித்தனி எக்ஸெப்ஷன்கள். இரண்டையும் ஒரே எக்ஸெப்டில் போடாதீர்கள். (டைம்அவுட் மதிப்பை நீங்களே தராவிட்டால் அந்த லைப்ரரி முடிவில்லாமல் காத்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.)

பில்லுக்கு வெற்றி, தோல்வி தவிர ‘நிலுவை’ என்று மூன்றாம் நிலை வேண்டும். கேட்வேயை அழைக்கும் முன்பே ஒரு தனி எண்ணை உருவாக்கி டேட்டாபேஸில் எழுதி, ஒவ்வொரு ரீட்ரைக்கும் அதே எண்ணை அனுப்புங்கள். எக்ஸெப்டுக்குள் புது எண் உருவாக்கினால், கேட்வேக்கு அது புது பில். இப்படி ஒரே கோரிக்கையை அடையாளம் காட்டும் எண்ணுக்கு ஐடெம்பொட்டன்சி கீ என்று பெயர். அதை ஏற்கும் கேட்வே, அதே எண் மறுபடி வந்தால் முதல் பதிலையே திருப்பித் தரும். ஏற்காத கேட்வே என்றால் ரீட்-டைம்அவுட்டுக்குப் பிறகு தானியங்கி ரீட்ரையே கூடாது. நிலையைக் கேளுங்கள், திட்டவட்டமாக ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்று வரும்வரை பில் நிலுவையிலேயே இருக்கட்டும். ரீட்ரைகளுக்கு நடுவே 1, 2, 4 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, கொஞ்சம் ரேண்டமும் சேருங்கள். அதிகாலை வியாபாரத்தில் எல்லாக் கடை ஆப்பும் ஒரே நொடியில் மறுபடி தட்டினால், தடுமாறும் கேட்வே எழவே எழாது.

ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் 500 (சர்வர் பிழை) கொடுத்தும், சர்வரை அழைக்கும் ஃபெட்ச், பிழையைப் பிடிக்கும் கேட்சுக்குள் போகவில்லையே? (வேளச்சேரி)

போகாது. நெட்வொர்க் அளவிலேயே கோரிக்கை தோற்றால்தான் ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகி கேட்சுக்குப் போகும். 404, 500 எல்லாம் அதற்கு வந்துசேர்ந்த பதில்தான். ‘ரெஸ்பான்ஸ் டாட் ஓகே’ பொய்யானால் நீங்களே த்ரோ செய்யுங்கள், ஸ்டேட்டஸ் எண்ணையும் யூஆர்எல்லையும் செய்தியில் சேர்த்து.