பிடித்த அனிமே தொடரைச் சொந்தமாக வாங்குவது எப்படி? நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நான் பலமுறை பார்த்து ரசித்த, 26 பகுதிகள் கொண்ட ஜப்பானிய அனிமே தொடர் ஒன்று, நான் சந்தா கட்டும் ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இனி அதைச் சொந்தமாகவே வாங்கிவிட நினைக்கிறேன். டிஜிட்டல் பதிப்பாக வாங்குவதா, ஜப்பானிலிருந்து ப்ளூ-ரே வட்டுகளை வரவழைப்பதா? (வாசகி, திருச்சி)

பதில்: டிஜிட்டல் பதிப்புக்கு முழு விலையைக் கொடுத்தாலும், பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது அதைப் பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. அமெரிக்காவில் அனிமே வெளியிட்டு வந்த ஃபனிமேஷன் நிறுவனத்தின் வட்டுகளுடன் வந்த குறியீடுகளைக் கொண்டு ரசிகர்கள் தங்கள் கணக்கில் சேர்த்து வைத்திருந்த டிஜிட்டல் பிரதிகள், 2024 ஏப்ரல் 2 அன்று அந்தச் சேவை மூடப்பட்டதோடு அவர்களுடைய கையைவிட்டுப் போயின. சந்தாதாரர்கள் க்ரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளத்துக்கு மாற்றப்பட்டார்கள், பிரதிகள் மாற்றப்படவில்லை. இத்தகைய விற்பனையில், உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது. அது 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே, திரும்பத் திரும்பப் பார்க்கும் தொடர் என்றால் வட்டு வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு முறை பார்த்து முடித்துவிடும் தொடருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

ஆனால் ஜப்பானியப் பதிப்பு உங்களுக்கு ஏற்றதாக இருக்காது என்பது என் கருத்து. அங்கே ஒரு தொடரை இரண்டு முதல் நான்கு பகுதிகள் மட்டும் கொண்ட தனித்தனி வட்டுகளாக, ஒவ்வொன்றும் பல ஆயிரம் யென் விலையில் வெளியிடுவது நெடுநாள் வழக்கம். சிறு நூலும் புதிதாக வரைந்த உறையும் சேர்ந்து வரும் அவை, கதை பார்ப்பவர்களைவிடச் சேகரிப்பாளர்களை மனத்தில் வைத்தே தயாரிக்கப்படுகின்றன. (அந்த உறை ஓவியங்களுக்காகவே வாங்குபவர்களின் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை.) பெரும்பாலான தொடர்களில் ஆங்கில சப்டைட்டில்கூட இருக்காது, கிப்லி ஸ்டூடியோவின் திரைப்பட வட்டுகள் இதற்கு நல்ல விதிவிலக்கு. அதே தொடரின் வட அமெரிக்கப் பதிப்பு கிடைத்தால், பொதுவாக முழுத் தொடரும் ஓரிரு பெட்டிகளில், ஜப்பானிய ஒலியுடனும் ஆங்கில சப்டைட்டிலுடனும் வந்துவிடும். சில தொடர்களுக்கு ஸ்ட்ரீமிங்கில் தமிழ் டப்பிங் இருந்தாலும், இந்த வட்டுகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பிளேயரின் ரீஜன் கோடை, அதாவது எந்த மண்டலத்து நாடுகளின் வட்டுகளை அது ஓட்டும் என்பதைச் சொல்லும் குறியீட்டைப் பாருங்கள். ப்ளூ-ரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ‘ஏ’ மண்டலத்திலும், பிரிட்டன் ‘பி’ மண்டலத்திலும், இந்தியா ‘சி’ மண்டலத்திலும் வருகின்றன. டிவிடியிலோ அமெரிக்கா 1, ஜப்பான் 2, இந்தியா 5. எல்லா ப்ளூ-ரே வட்டுகளும் மண்டலப் பூட்டுடன் வருவதில்லை, 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்கு மண்டலமே கிடையாது என்றாலும், பூட்டிய வட்டு ஒன்று வந்து சேர்ந்தால் இங்கே வாங்கிய பிளேயர் அதை ஓட்ட மறுத்துவிடும். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்ற முடியும், ஆனால் ஐந்து முறைதான். அதன்பின் கடைசியாகத் தேர்ந்த மண்டலத்திலேயே அது நின்றுவிடும். எனவே, எல்லா மண்டல வட்டுகளையும் ஓட்டும் பிளேயர் ஒன்றின் விலையையும், கூரியர் கட்டணத்தையும், சுங்க வரியையும் சேர்த்துக் கூட்டிய பிறகே விலை கட்டுப்படியாகிறதா என்று முடிவு செய்யுங்கள். பார்சலின் மேல் ‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி கிடையாது என்று சிலர் இன்னமும் யோசனை சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: 26 பகுதிகளும் இரண்டே டிவிடிகளில், ‘இறக்குமதி’ என்ற குறிப்புடன் மிகக் குறைந்த விலைக்கு ஒரு இணையச் சந்தையில் கிடைக்கின்றன. நம்பி வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வாங்க வேண்டாம். ஒரு பகுதிக்கு 24 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 624 நிமிடங்கள் வருகின்றன. இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபிதான், அதில் ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட காட்சியை அடைத்தால், வேகமான சண்டைக் காட்சிகளில் படம் கட்டங்கட்டமாக உடைந்து தெரியும். உரிமம் பெற்ற நிறுவனங்கள் அப்படி அடைத்து விற்பதில்லை என்பதால், இது பெரும்பாலும் திருட்டுப் பிரதியாகத்தான் இருக்கும். தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் உறையில் இல்லாததும், ‘எல்லா மண்டலங்களுக்கும்’ என்ற முத்திரை பெரிதாக இருப்பதும் அந்தச் சந்தேகத்தை வலுவாக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு வழி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இறக்குமதிப் பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதை விற்பனைப் பக்கத்தில் காட்டியாக வேண்டும். புகார் கிடைத்ததை அந்த இணையச் சந்தை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். விற்பனைப் பக்கத்தை மட்டும் முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புகார் போனதும் அந்தப் பக்கம் காணாமல் போவதுண்டு.