சண்டைக் கணக்கு யார் தலையில்? டேபிள்டாப் ஆர்பிஜி கேள்வி பதில்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான ஆட்டங்களில் சண்டை வந்ததும் விதிகளையும் எண்களையும் நினைவில் வைத்திருப்பது பெரும் பாடாக இருக்கிறது என்றுதான் இந்த முறை பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டத்தை நடத்தும் டிஎம்களும் உண்டு, பிளேயர்களும் உண்டு. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஐந்தாம் பதிப்பு நடத்த ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. பிளேயர்கள் ஐந்து பேர். காப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் ஆறு பேரோடு சின்னதாக ஒரு சண்டை வைத்தாலே இரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. முடியும்போது எனக்குத் தலைவலியே வந்துவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பு செய்யவில்லை, பதினொரு பேர் கணக்கை ஒற்றை ஆளாகச் சுமக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் இனிஷியேட்டிவ் (யார் முறை எப்போது), மிச்சமுள்ள ஹிட் பாயிண்ட் (இன்னும் எவ்வளவு அடி தாங்கும்), ரியாக்‌ஷன் (தன் முறை வராதபோதும் செய்யக்கூடிய பதில்செயல்) செலவாகிவிட்டதா, ஏதாவது கண்டிஷன் (விழுந்து கிடப்பது போன்ற நிலை) இருக்கிறதா என்று நான்கு விஷயம். மொத்தம் 44. இது போக, யார் எந்த ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, பிடித்துக்கொண்டிருக்கிறார், எது எப்போது முடிகிறது என்பது தனி. இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு காப்ளின் போல யோசிக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும்.

உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டியது இரண்டுதான்: காப்ளின்களின் ஹிட் பாயிண்ட், அவை அடுத்து என்ன செய்யப்போகின்றன என்பது. மற்றதையெல்லாம் பிரித்துக் கொடுங்கள். இனிஷியேட்டிவ் வரிசையை ஒரு பிளேயர் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கட்டும். "இப்போது உன் முறை, அடுத்து நீ தயாராக இரு" என்று இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுவது அவர் வேலை. கண்டிஷனை யார் உண்டாக்கினாரோ அவரே அதை நினைவூட்ட வேண்டும். காப்ளினைத் தடுக்கி விழவைத்தவர் அதன் உருவத்தைப் படுக்க வைத்துவிட்டால், அது விழுந்து கிடப்பதை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதே இல்லை, பார்த்தாலே தெரியும். ரியாக்‌ஷனுக்கு ஆளுக்கொரு வில்லை. செலவானால் கவிழ்த்து வைப்பது, தன் முறை வந்ததும் நிமிர்த்துவது.

இதையெல்லாம் பிளேயர்களிடம் விட்டால் டிஎம்முடைய ரகசியம் போய்விடும் என்று நானும் வெகுநாள் தயங்கினேன். இனிஷியேட்டிவ் வரிசையில் ரகசியம் என்று ஒன்றுமே இல்லை. கொடுத்த அன்றே மேஜையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி: மான்ஸ்டர் ஹிட் பாயிண்டைக் கழித்துக்கொண்டே வரும்போது அடிக்கடி பிசகுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: கழிக்காதீர்கள், கூட்டுங்கள். ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் ஓக்ர் என்ற பெரிய அரக்கனுக்கு 59 ஹிட் பாயிண்ட். பூஜ்யத்தில் தொடங்கி விழுந்த அடியைக் கூட்டிக்கொண்டே போங்கள். 59ஐத் தொட்டால் முடிந்தது. அவசரத்தில் கூட்டலில் பிசகுவதைவிடக் கழித்தலில் பிசகுவதுதான் நம்மில் பலருக்கும் அதிகம். கும்பலாக வரும் சின்ன மான்ஸ்டர்களுக்கு இதுகூட வேண்டாம். 2014 புத்தகத்துக் காப்ளினுக்கு 7 ஹிட் பாயிண்ட்தான். பலமான ஒரு வாள்வீச்சு அநேகமாக அதைச் சாய்த்துவிடும். அதனால் அடிபட்டு இன்னும் நிற்கிற காப்ளின் பக்கத்தில் ஒரு பாசிமணி வைப்பேன். மணி உள்ள காப்ளின் மேல் மறுபடி அடி விழுந்தால் செத்தது என்று வைத்துக்கொள்வேன். 2008இல் வந்த நான்காம் பதிப்பு இதற்கென்றே ஒரே ஒரு ஹிட் பாயிண்ட் கொண்ட மினியன்களை வைத்திருந்தது. அந்தப் பதிப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இது அருமையான யோசனை.

கேள்வி: பிளெஸ் ஸ்பெல் தரும் டி4ஐ (நான்கு முகப் பகடை) என் உருட்டலோடு கூட்ட மறந்துவிட்டேன். இரண்டு பேர் ஆடி முடித்த பிறகு ஞாபகம் வந்தது. திரும்பப் போய்த் திருத்தலாமா?

பதில்: வேண்டாம். அடுத்தவர் முறை தொடங்குவதற்குள் ஞாபகம் வந்தால் திருத்தலாம், தொடங்கிவிட்டால் மறந்தது மறந்ததுதான். என் மேஜையில் இதற்கு ஒரே ஒரு விலக்கு, அந்த மறதியால் ஒரு கேரக்டர் செத்துப்போவது. அப்போது எவ்வளவு தூரமானாலும் திரும்பப் போவேன்.

கேள்வி: அடி வாங்கியதும் பிடித்திருக்கும் ஸ்பெல் கலைகிறதா என்று உருட்டும் கான்சன்ட்ரேஷன் செக்கை எங்கள் குழுவில் எல்லாருமே மறக்கிறோம்.

பதில்: எல்லாக் குழுவிலும் மறக்கிறார்கள். இது சோம்பல் இல்லை. அடி வாங்கும் நேரத்தில் கண் ஹிட் பாயிண்ட் கட்டத்தில் இருக்கும், ஸ்பெல் வேறு தாளில் இருக்கும். ஸ்பெல்லின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, கேரக்டர் ஷீட்டில் அந்தக் கட்டத்தின் மேலேயே வையுங்கள். சீட்டை நகர்த்தாமல் புதிய எண்ணை எழுத முடியாது. கை பட்டதும் ஞாபகம் வந்துவிடும்.

எண்ணும் எளிதுதான். டிசி, அதாவது உருட்டலில் எட்ட வேண்டிய எண், 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. பின்னத்தைக் கீழே தள்ளுகிறோம் என்பதால் 21 வரைக்கும் எப்போதும் 10தான். 22ஓ அதற்கு மேலோ போனால் மட்டும் பாதியைக் கணக்கிட்டால் போதும். இன்னொன்று: ஒரு நிமிடம் நீடிக்கும் ஸ்பெல் என்றால் 10 ரவுண்டு. என் சண்டைகளில் பத்தாவது ரவுண்டைத் தொட்டவை மிகக் குறைவு. அந்த ரவுண்டுகளை எண்ணுவதை நான் விட்டே விட்டேன்.

கேள்வி: அந்தக் காலத்துப் பதிப்புகளில் இவ்வளவு சிக்கல் இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஆட்டம் 1974இல் வந்தது. அதன் சண்டைக்கு வேர், 1971இல் வெளியான செயின்மெயில் என்ற போர் ஆட்டம். ஆரம்பத்திலிருந்தே கணக்கு கூடவே வந்திருக்கிறது. அட்வான்ஸ்டு பதிப்பின் 1978 பிளேயர் கையேட்டில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும், எதிரியின் கவச வகைக்கு ஏற்பக் கூட்டவும் கழிக்கவும் ஒரு அட்டவணையே இருந்தது. ஒரு ரவுண்டு ஒரு நிமிடம், அதற்குள் ஆறு விநாடி வீதம் பத்து செக்மென்ட். அந்த அட்டவணையைத் தொடாமலேயே ஆடியவர்கள் ஏராளம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் தாக்கோ என்ற தாக்குதல் எண்: அதிலிருந்து எதிரியின் ஆர்மர் கிளாஸை (கவச எண்) கழிக்க வேண்டும். நல்ல கவசத்துக்கு எண் பூஜ்யத்துக்கும் கீழே போகும். 2000இல் மூன்றாம் பதிப்பு அதைத் திருப்பிப்போட்டுக் கழித்தலை ஒழித்தது, ஆனால் போனஸ்களை வகைவகையாகப் பிரித்துவிட்டது. ஒரே வகை போனஸ் இரண்டு இருந்தால் பெரும்பாலும் பெரியது மட்டும் செல்லும். ஒவ்வொரு தாக்குதலிலும் இதற்கொரு விசாரணை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அட்வான்டேஜ் இந்த விசாரணையை நிறுத்தியது என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடு. சாதகம் ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டாவதைத் தேட வேண்டியதில்லை. ஒரு டிஸ்அட்வான்டேஜும் (பாதகம்) வந்துவிட்டால், எந்தப் பக்கம் எத்தனை இருந்தாலும் இரண்டும் ரத்து.

எளிமையும் அந்தக் காலத்தில் இருந்தது. 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு டி6தான் இனிஷியேட்டிவ். பெரிய கும்பலோடு சண்டை என்றால் இன்றும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் பிளேயர். விசார்டு (மந்திரவாதி), ஐந்தாம் லெவல். என் முறை வந்தால் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். நிறைய ஸ்பெல் இருக்கும்போது எப்படிச் சீக்கிரம் முடிவெடுப்பது?

பதில்: உங்களுக்கு முன்னால் ஆடுகிறவரின் முறையிலேயே முடிவெடுத்துவிடுங்கள், நடுவில் நிலவரம் மாறினால் செய்ய ஒரு மாற்றும் கையில் இருக்கட்டும். சண்டைக்கு உதவும் ஸ்பெல்களில் நான்கை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள்: தூரம், யார் என்ன சேவ் (ஸ்பெல்லின் பாதிப்பைத் தவிர்க்கும் உருட்டல்) செய்ய வேண்டும், எத்தனை பகடை. புத்தகத்தைப் புரட்டும் நேரம்தான் உங்கள் முறையை இழுக்கிறது. ஃபயர்பால் போட்டால், டிஎம் சேவ்களை உருட்டுகிற நேரத்திலேயே நீங்கள் எட்டு டி6ஐ உருட்டிக் கூட்டி வையுங்கள். ஒரே எதிரியைத் தாக்கும் ஸ்பெல் என்றால் டி20யோடு சேதத்துக்கான பகடையையும் சேர்த்தே உருட்டுங்கள். பெருமூச்சுக்காக வருந்த வேண்டாம். விசார்டு ஆடுவது கடினம்.

கேள்வி: எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால் என்ன? ஃபவுண்ட்ரி மாதிரி மென்பொருள்கள்தான் இருக்கின்றனவே.

பதில்: கூட்டல் கழித்தலையும் இனிஷியேட்டிவையும் தாராளமாக விடுங்கள். அடித்ததா, சேவ் ஆனதா, எவ்வளவு குறைந்தது என்பது வரை முழுக்கத் தானாக நடக்கும்படி வைத்தபோது, ஏன் அடி தவறியது என்று எங்கள் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. எதிரி ஒரு தடுப்புக்குப் பின்னால் நிற்கிறான் என்பது தெரிந்தால்தானே சுற்றிப்போய்த் தாக்கத் தோன்றும்? நான் இப்போது முடிவை அறிவிக்கும் பகுதியை அணைத்தே வைத்திருக்கிறேன்.

கேள்வி: பேசாமல் ஆட்டத்தையே மாற்றிவிடலாமா? பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு சுலபம் என்கிறார்களே.

பதில்: ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன் என்பது சுலபம்தான், சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒரே முறையில் இரண்டாவது அடிக்கு உருட்டலில் 5, மூன்றாவதற்கு 10 குறையும், சில ஆயுதங்களுக்கு அது 4, 8. பயந்தவருக்கு ஒவ்வொரு முறை முடிவிலும் பயம் ஒன்று குறையும். சுமை இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. நிஜமாகவே குறைய வேண்டுமென்றால் இன்டு தி ஆட் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். அடி படுகிறதா என்று உருட்டுவதே கிடையாது, நேராகச் சேதம்தான். சண்டை சட்டென்று முடியும், ஆபத்தும் அதிகம். சண்டைத் தந்திரத்தை ரசிக்கும் குழுவுக்கு அது சப்பென்று இருக்கும்.

கேள்வி: அம்புகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு பிளேயருக்குக் கோபம், விதியை மீறுகிறேன் என்கிறார். நான் செய்தது தப்பா?

பதில்: கேட்காமல் விட்டதுதான் தப்பு. அம்பு தீர்ந்துவிடுமோ என்ற பயம் அவருடைய ஆட்டத்தில் ஒரு பங்காக இருந்திருக்கலாம். அம்பைப் பார்த்துத்தான் வில்லை எடுப்பதா கத்தியை எடுப்பதா என்று அவர் முடிவெடுத்திருந்தால், அந்த எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் எண்ண வேண்டியவர் அவர். இருபது தீக்குச்சிகளை அவர் முன்னால் வையுங்கள், எய்கிறபோதெல்லாம் ஒன்றை எடுத்து நடுவில் போடட்டும். சண்டை முடிந்து தேடினால் பாதி அம்பு திரும்பக் கிடைக்கும் என்று 2014 விதியே சொல்கிறது. நடுவில் கிடப்பதில் பாதியை அவரே எடுத்துக்கொள்வார்.