ஸ்நாப்டிராகன் தானாக முளைத்தால்… தோட்டம்: கேள்வி–பதில்

போன சீசனில் வைத்த ஸ்நாப்டிராகன் பூச்செடியின் விதை உதிர்ந்து, பாத்தி முழுக்கவும் நடைபாதைக் கல் இடுக்கிலும் முளைத்திருக்கிறது. எது நாற்று, எது களை என்றே தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, குன்னூர்

இரண்டு ஜோடி இலை வரும்வரை களைக்கொத்தைத் தொடாதீர்கள். ஸ்நாப்டிராகன் நாற்றின் அடி இலைகள் எதிரெதிராக, ஈட்டி முனைபோல் குறுகலாக, ஓரத்தில் பல் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். அடர்நிறப் பூ ரகமானால் தண்டில் செம்மை தட்டும். வெள்ளை, மஞ்சள் ரகத்துத் தண்டு வெறும் பச்சை. இதைக் கொண்டே பூப்பதற்கு முன்பே ஓரளவு நிறம் பிரித்துவிடலாம்.

மூன்று ஜோடி இலை வந்ததும், நெருக்கமாக நிற்பவற்றை நீக்கிக் கலைத்துவிடுங்கள். குட்டை ரகத்துக்குச் செடிக்குச் செடி 15 செ.மீ., நெட்டை ரகத்துக்கு 25 முதல் 30 செ.மீ. வேண்டும். நெருக்கமான இடத்தில் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் கிளம்பும். கத்தரியால் தரையோடு நறுக்குவதே நல்லது. இடம் மாற்ற வேண்டியவற்றை முதல்நாள் மாலை நீர் விட்டு, மறுநாள் மேகமூட்டமான வேளையில் மண்கட்டியோடு பெயர்த்து நடுங்கள். செடி 10 செ.மீ. உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் நான்கைந்து கிளை வரும். கிள்ளாத செடிக்கு நடுவில் ஒரே பூக்கதிர்தான், அதுவும் மழையில் சாய்ந்துவிடும்.

கல் இடுக்கில் முளைத்ததைப் பெயர்க்க முயலாதீர்கள், வேர் அறுந்துவிடும். மத்தியதரைக்கடல் பகுதியில் இது பாறை வெடிப்பிலும் பழஞ்சுவரிலும் வளரும் செடி. நீர் தேங்காத அந்த இடுக்கில் பாத்தியைவிட நன்றாகவே இருக்கும்.

அடுத்த முறை இவ்வளவு முளைக்கக் கூடாதென்றால், விதைக்கு இரண்டு மூன்று செடிகளை மட்டும் விட்டு, மற்றவற்றின் வாடிய கதிர்களைக் காய் பிடிக்குமுன் வெட்டிவிடுங்கள். இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே நாற்று வேண்டாத இடத்தில் காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி இரண்டு அங்குல மூடாக்கு போட்டால் போதும். வேண்டிய இடத்தில் மூடாக்கும் கூடாது, மண்ணைக் கிளறவும் கூடாது.

வாங்கி வைத்தது அடர் சிவப்பு, குட்டை ரகம். தானாக முளைத்தவை ரோஸ், மஞ்சள் என்று கலந்து, உயரமாகவும் வளர்கின்றன. மண்ணில் குறையா?
– வாசகர், உதகமண்டலம்

மண்ணில் குறை இல்லை. கடையில் கிடைக்கும் நாற்றுகளில் பெரும்பாலானவை முதல் தலைமுறை வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கியவை. அவற்றின் விதையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்துவிடும். போதாததற்கு, பூவின் மூடிய உதட்டைத் தள்ளித் திறக்கும் வலுவுள்ள பெரிய வண்டுத்தேனீக்கள் ஒரு நிறத்து மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டு போகின்றன. சிவப்பும் வெள்ளையும் கலந்தால் ரோஸ் வருவது இந்தச் செடியில் சகஜம்.

ஒரே நிறம்தான் வேண்டுமென்றால், முதல் பூ விரிந்ததுமே பிடிக்காத செடியைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். பிடித்த கதிரை மொட்டாக இருக்கும்போதே கொசுவலைத் துணியால் மூடி, அதில் பிடிக்கும் காயை மட்டும் விதைக்கு வையுங்கள். மூன்று நான்கு தலைமுறை இப்படிப் பொறுக்கினால் நிறம் பெரும்பாலும் நிலைக்கும். கலப்பு நிறமே அழகு என்பவர்களுக்கு இத்தனை வேலையும் தேவையில்லை.

இலையின் அடியில் காப்பித்தூள் நிறத்தில் பொடி. வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது.
– வாசகி, கொடைக்கானல்

இது துரு நோய். தானாக முளைப்பதை விட்டுவைக்கும் தோட்டங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. இந்தப் பூசணம் பெருக உயிருள்ள செடி வேண்டும். பழைய செடி சாகுமுன் புது நாற்று வந்துவிட்டால், அதற்கு வீடு காலியாவதே இல்லை. பொடி கண்ட செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். எஞ்சியவற்றுக்கு மான்கோசெப் என்ற பூசணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி 10 நாள் இடைவெளியில் தெளிக்கலாம். ஆனால் மருந்து பரவுவதைத் தடுக்குமே தவிர, வந்த புண்ணை ஆற்றாது. நீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு வருடம் ஒரு ஸ்நாப்டிராகன்கூட இல்லாமல் பாத்தியைச் சுத்தமாக்கி, துலுக்கச் சாமந்தி போடுங்கள்.

மாடித் தோட்டத் தொட்டியில் தானாக முளைக்குமா?
– வாசகர், மதுரை

நம்பியிருக்க முடியாது. முளைப்புக்கு ஏற்றது 18 முதல் 21 டிகிரி. மார்ச்சில் உதிரும் விதை வெயிலில் வீணாகும். காய் பழுப்பாகி உச்சியில் துளை விழுந்ததும் கதிரை நறுக்கி, காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு ஒரு வாரம் உலர்த்தித் தட்டுங்கள். விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அக்டோபரில், ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்மணலில் கலந்து, தேங்காய்நார்த்தூள் தட்டில் தூவி லேசாக அழுத்துங்கள்; மேலே மண் போடக் கூடாது. தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து நனையுங்கள். இரண்டு வாரத்தில் முளைக்கும். அது அடைமழைக் காலம் என்பதால் தட்டு கூரைக்கடியில், வெளிச்சமான இடத்தில் இருக்கட்டும். மழையில் நனைந்தால் நாற்றழுகல் நோய் ஒரே இரவில் தட்டைக் காலி செய்துவிடும்.