பொறியாளர் பதில்கள்

கேள்வி: மகன் வேல்ஸில், அபெரிஸ்ட்வித் என்ற ஊரில் படிக்கிறான். கடற்கரையிலுள்ள பழைய கல்லூரியைப் படம் எடுத்து அனுப்பினான். ஒரு பக்கம் சர்ச் மாதிரி, ஒரு பக்கம் கோட்டை மாதிரி இருக்கிறது. யார் சார் இப்படிக் கட்டினார்கள்?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: கல்லூரிக்கென்று கட்டியதே இல்லை அம்மா, அது ஓட்டல்! 1864-ல் அந்த ஊருக்கு ரயில் வந்தது. அந்தப் பக்கம் தண்டவாளம் போட்ட காண்டிராக்டர் தாமஸ் சேவினுக்கு ஒரு யோசனை. லண்டனில் போகவர டிக்கெட் எடுத்தால் ஒரு வாரம் தங்கல் இலவசம். அதற்கு ஓட்டல் வேண்டுமே?

கடலோரத்தில் ஏற்கெனவே ஒரு முக்கோண வீடு இருந்தது, மூலைக்கு ஓர் எண்கோணக் கோபுரத்தோடு. 1790-களில் ஜான் நாஷ் கட்டியது. பின்னாளில் பக்கிங்ஹாம் அரண்மனையை விரிவாக்கினாரே, அதே நாஷ். சேவின் அந்த வீட்டை வாங்கி, அதையும் சேர்த்து ஓட்டலாக்கச் சொல்லி ஜான் பொல்லார்ட் செட்டனிடம் ஒப்படைத்தார். சர்ச் வேலையில் கைதேர்ந்தவர் செட்டன். கூரான வளைவும் கோபுரமும் வராமல் என்ன செய்யும்?

அவசரம் வேறு. பிளான் முழுசாக முடியும் முன்பே வேலை தொடங்கியாயிற்று. தையில் கிரகப்பிரவேசம் குறித்துவிட்டு ஐப்பசி மழையில் வானம் தோண்டச் சொல்பவர்களைக் கும்பகோணத்தில் நானும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது. செட்டன் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

1865-ல் அரைகுறையாகத் திறந்தார்கள். மறு வருஷமே சேவின் திவால். 80,000 பவுண்டு விழுங்கிய கட்டடம் 1867-ல் வெறும் 10,000 பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியது வேல்ஸில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று பாடுபட்ட குழு. 1872-ல் வகுப்புகள் தொடங்கின. 1885-ல் பெரிய தீ விபத்து. திரும்பக் கட்டும் வேலைக்கும் செட்டன் வந்தார்.

நாஷ் வீட்டைத் தேட வேண்டாம், அப்புறம் இடித்துவிட்டார்கள். தென்கோடிச் சுவரில் மட்டும் ஒரு மொசைக் சித்திரம் இருக்கும். ஆர்க்கிமிடீஸ் உட்கார்ந்திருப்பார், ரயிலையும் கப்பலையும் அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வரைந்தவர் செட்டனிடம் தொழில் பழகிய வாய்சி, பிற்பாடு ஆடம்பரமில்லாத வீடுகளுக்குப் பேர் போனவர். பக்கத்தில் போய் அதை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டடத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.